எடைக்குப் போகவிருந்த குழாய் ஜோடி

மைக் செட் என்றால் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது, கோயில் வாசலில் மூங்கில் நட்டு அதன் உச்சியில் கட்டிய இரண்டு குழாய்கள்தான். விடியற்காலை சீர்காழி கோவிந்தராஜன் பாடும் பக்திப் பாடல், ஆடி மாதம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல், கல்யாண வீட்டில் டி.எம்.சௌந்தரராஜன் என்று ஊர் முழுவதற்கும் அந்தக் குழாய்களே பாடின. பாட்டு வரும் திசையைக் கொண்டே எந்தத் தெருவில் விசேஷம் என்று சொல்லிவிடுவோம். மளிகைக் கடைக்காரர் மறுநாள் எவ்வளவு சீனி, எவ்வளவு ரவை போகும் என்று கணக்குப் போடுவதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

இன்று அந்தக் குழாய்கள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்படிப் போகவிருந்த ஒரு ஜோடியை நான் வாங்கிப் புதுப்பித்தேன். அந்த விவரங்களை நமது வணிக நண்பர்களுக்காக எழுதுகிறேன். பழைய பொருள் எதை வாங்குவதானாலும், விற்பதானாலும் இதில் உள்ள கணக்கு உதவும் என்பது என் எண்ணம்.

குழாய் வந்த வழி

கையைக் குவித்து வாயருகே வைத்துக் கூப்பிட்டால் சத்தம் தூரம் போகும் என்பது மனிதனுக்கு ஆதிகாலம் முதல் தெரியும். மின்சாரத்தால் பேசும் குழாயை 1915ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நாப்பா என்ற ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் செய்து காட்டினார்கள். மேக்னவாக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1919ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான்டியாகோ நகரில் பெருங்கூட்டத்தில் பேசியபோது அந்தக் கருவிதான் அவர் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தது.

பேசும் படம் வந்த பிறகு குழாய்க்கு மதிப்பு கூடியது. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931ல் வெளிவந்தது. அந்தக் காலத்து வால்வு ஆம்பிளிபயர்களின் சக்தி சில வாட்தான். அந்தச் சிறு சக்தியைக் கொண்டு ஒரு கொட்டகை முழுவதும் கேட்கச் செய்யக் குழாயைத் தவிர வேறு வழி இல்லை. இந்தியாவில் 1909ல் தொடங்கப்பட்ட மோட்வானி நிறுவனம், சிகாகோ ரேடியோ என்ற பெயரில் சுதந்திரப் போராட்டக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1940ல் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் பெயர் மைக் செட் கடைகளில் இன்றும் புழங்குகிறது.

வெளிநாட்டில் பழைய குழாய் ஸ்பீக்கருக்கு என்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946ல் நிறுவனம் தொடங்கி விற்ற மர அலமாரி போன்ற குழாய் ஸ்பீக்கரையும், 1945ல் வந்த ஆல்டெக் லான்சிங் சினிமாக் கொட்டகை ஸ்பீக்கரையும் பெரும் விலை கொடுத்து வாங்கி, மெருகேற்றி வீட்டில் வைக்கிறார்கள். நம் ஊரில் அதே வம்சத்தைச் சேர்ந்த அலுமினியக் குழாய் கிலோ கணக்கில் போகிறது.

குழாய் செய்யும் வேலை

நாம் எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சிறிய வாயில் ஒரு யூனிட்டைப் பொருத்தினால் அதுதான் குழாய் ஒலிபெருக்கி. யூனிட்டுக்குள் ஒரு காந்தம், அதன் நடுவே மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய டயாபிரம். பாட்டுக்கு ஏற்ப மின்சாரம் சுருளில் போய் வர, டயாபிரம் அதிர்கிறது. சிறிய வாயில் அழுத்தமாகப் புறப்படும் காற்று அதிர்வு, படிப்படியாக அகலும் குழாய் வழியே வந்து வெளிக்காற்றை வீணாகாமல் தள்ளுகிறது.

சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர், தான் வாங்கும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவையே சத்தமாக மாற்றுகிறது. மீதி சூடாகப் போகிறது. நல்ல குழாயோ நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் மாற்றித் தரும். வியாபார மொழியில் சொன்னால் குழாயில் சேதாரம் குறைவு. அதனால்தான் ஒரு கார் பேட்டரியை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்கே பாட்டுப் போட முடிந்தது.

குழாய்க்குக் குறையும் உண்டு. வாய் எவ்வளவு அகலமோ அதற்குத் தக்க கனத்த ஒலியைத்தான் அது தரும். 24 அங்குல வாய் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். விநாடிக்குச் சுமார் 180 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலி அதில் சரியாக வராது. தவிலின் அடித்தட்டு, இக்காலப் பாட்டின் பேஸ் இரண்டும் குழாயில் எடுபடாது. மனிதக் குரல், நாதஸ்வரம், பழைய ரெக்கார்டுப் பாட்டு ஆகியவை அதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். புதுப் பாட்டைப் போட்டுவிட்டுக் குழாய் சரியில்லை என்று சொல்வது, பச்சரிசியை வாங்கிவிட்டு இட்லி சரியில்லை என்று சொல்வதைப் போன்றது.

எங்கள் ஊர் ஜோடி

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் நடக்கும் நாட்களில் மைக் செட் கடைகளுக்கு ஓய்வே இருக்காது. நான் ஜோடி வாங்கிய கடைக்காரர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தவர். ரெக்கார்டு, கேசட், சிடி என்று காலம் மாற மாற அவரும் மாறி வந்தார். ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களும் பெரிய ஆம்பிளிபயர்களும் வந்தபோது அதற்கான முதல் போட அவரிடம் வசதி இல்லை. வாடகைத் தொழிலில் சரக்கு விற்றுத் தீராது, தேய்ந்துதான் தீரும். அந்தத் தேய்மானத்துக்கு ஒதுக்கி வைக்காத தொழில் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இது நம் லாரிக்கும், தராசுக்கும், மாவு மில்லுக்கும் பொருந்தும்.

அவர் காலமான பின் அவருடைய மனைவி கடையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். பழைய இரும்புக்காரர் வந்து எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு விலை சொல்லியிருந்தார். அதில் ஒரே அளவான இரண்டு நேர்க் குழாய்களும் அவற்றின் யூனிட்டுகளும் மட்டும் 14 கிலோ. அவற்றுக்கு அவர் சொன்ன விலை 1,800 ரூபாய். எடைக்கு அது நியாயமான விலைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை பார்த்து விலை போட வேண்டிய சரக்கா அது என்பதே கேள்வி.

வாங்குமுன் சோதனை

பழைய குழாய் வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. குழாயின் கழுத்து. யூனிட் திருகும் இடத்தில் உள்ள மரை தேய்ந்திருந்தாலோ, கழுத்தில் விரிசல் இருந்தாலோ விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசலாம். ஒட்டுப் போட்டுப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது சளசளக்கும்.

2. ஒடுக்கு. வாய் ஓரத்தில் உள்ள ஒடுக்கைப் பெரிதாக எண்ண வேண்டாம், எடுத்துவிடலாம். கழுத்துப் பக்கம் விழுந்த ஒடுக்கு ஒலியைக் கெடுக்கும், எடுப்பதும் கடினம்.

3. யூனிட்டின் சுருள். மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். 16 ஓம் என்று எழுதியிருக்கும் யூனிட் ஏறக்குறைய 10 முதல் 14 வரை காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் டார்ச் செல்லைக் கண நேரம் தொட்டு எடுங்கள், டக்கென்று சத்தம் வர வேண்டும்.

4. உரசல். ஆம்பிளிபயரில் கொடுத்துச் சத்தத்தைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். கரகரவென்று உரசினால் இடுக்கில் தூசி புகுந்திருக்கும், அல்லது டயாபிரம் நடுவில் அமரவில்லை. இரண்டும் சரி செய்யக் கூடியவையே.

5. ஜோடிப் பொருத்தம். இரண்டு யூனிட்டும் ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே ஓம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று கத்தும், மற்றது முனகும்.

நான் பார்த்த ஜோடியில் குழாய் இரண்டும் கழுத்தில் சுத்தம். ஒன்றின் வாயில் மூன்று ஒடுக்கு. யூனிட் ஒன்றில் சுருள் அறுந்திருந்தது, மற்றது உரசியது. காந்தம் இரண்டிலும் வலுவாக இருந்தது.

விலை பேசிய விதம்

பழைய பொருளுக்கு மூன்று விலை உண்டு. முதலாவது எடை விலை, அதற்குக் கீழே யாரும் விற்க வேண்டியதில்லை. இரண்டாவது, அதே வேலையைச் செய்யும் புதுப் பொருளின் விலை, அதற்கு மேலே யாரும் வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது, புது விலையிலிருந்து பழுது பார்க்கும் செலவையும் நம் அலைச்சலையும் கழித்தால் நிற்கும் விலை. பேரம் என்பது இந்த மூன்றாவதை ஒட்டி நடக்க வேண்டும்.

விற்பவருக்குச் சரக்கின் மதிப்பு தெரியவில்லை, வாங்குபவருக்குத் தெரிகிறது என்ற நிலை நம் தொழிலில் அடிக்கடி வரும். மிளகாய் விளைந்த ஊரில் விலை தெரியாத சம்சாரியிடம் வாங்கும்போதும் இதே நிலைதான். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வாங்கினால் அன்றைக்கு லாபம். ஆனால் சிறிய ஊரில் இன்று தெரியாத விலை நாளைக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அந்த வீட்டார் நம் கடை வாசலை எப்படிக் கடப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் அந்த அம்மாளிடம் மூன்று விலையையும் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க சொல்ற கணக்கு எனக்கு விளங்கல. அவர் இருந்தா என்ன விலைக்குக் கொடுப்பாரோ அதைக் கொடுங்க" என்றார். அவர் இருந்தால் விற்றிருக்கவே மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். ஜோடி 5,000 ரூபாய் என்று முடித்து, மகனிடமும் தொலைபேசியில் சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்து வந்தேன். மற்ற ஆம்பிளிபயர், மைக் ஸ்டாண்டு முதலியவற்றையும் எடைக்குப் போடாமல், மைக் செட் தொழில் செய்பவர் ஒருவரிடம் விலை கேட்கும்படி சொன்னேன். எடை விலையைப்போல் ஒன்றரை மடங்கு கிடைத்ததாக அந்த அம்மாள் பிறகு தெரிவித்தார்.

புதுப்பித்த முறை

முதல் வேலை யூனிட். மூடியைக் கழற்றி டயாபிரத்தை மட்டும் எடுக்க வேண்டும். காந்தத்தைப் பிரிக்கக் கூடாது. பழைய அல்நிகோ வகைக் காந்தங்களை அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தால் சக்தி இறங்கிவிடும். சுருள் ஓடும் இடுக்கில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். செலோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து அந்த இடுக்கில் விட்டு எடுத்தால் தூள் வந்துவிடும். பத்துத் தடவையாவது செய்ய வேண்டும். டயாபிரம் இரண்டையும் ஒரே வகையாக வாங்கி மாற்றினேன். மதுரை டவுன்ஹால் ரோட்டிலும், சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிகள் கிடைக்கின்றன. ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே ஜோடிக்கு நல்லது.

அடுத்து ஒடுக்கு. இதற்குப் பாத்திரக் கடையில் ஒடுக்கு எடுப்பவரைவிடத் தேர்ந்த ஆள் கிடையாது. உள்ளே உருண்டையான மரக்கட்டையை அணை கொடுத்து, வெளியே மரச் சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டி எடுத்தார். அலுமினியத்தை அவசரப்பட்டு அடித்தால் இறுகி வெடித்துவிடும்.

மூன்றாவது பழைய பெயிண்டை எடுப்பது. இங்கே ஒரு எச்சரிக்கை. அழுக்குப் போகும் என்று காஸ்டிக் சோடாவையோ சலவைச் சோடாவையோ யாரும் போட்டுவிடாதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும், சலவைச் சோடா கறுக்க வைக்கும். கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவிக் காத்திருந்து மரச் சில்லால் வழித்தால் போதும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2016ல் போடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

தேய்த்துக் கழுவிக் காய்ந்ததும் அன்றைக்கே எட்ச் பிரைமர் அடித்துவிட வேண்டும். அலுமினியத்தின் மேல் சாதாரண பிரைமர் பிடிக்காமல் உரிந்து வரும். அதன் மேல் மெல்லிய பூச்சாக இரண்டு கோட் எனாமல். இந்த வேலையைக் கார் டிங்கரிங் பட்டறையில் கொடுத்து, பழைய சாம்பல் நிறத்தையே அடிக்கச் சொன்னேன். கழுத்து மரையில் பெயிண்ட் படாமல் காகிதம் திணித்துவிட வேண்டும். யூனிட்டைத் திரும்பத் திருகும்போது புது ரப்பர் வாஷர் போடாவிட்டால் காற்றுக் கசிந்து சத்தம் கெடும்.

கடைசியாக ஒயரிங். கனத்த ஒலி யூனிட்டுக்குள் போனால் டயாபிரம் கிழியும். 16 ஓம் யூனிட்டோடு வரிசையில் 33 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால், 300 அதிர்வுக்குக் கீழே உள்ளது படிப்படியாகத் தடுக்கப்படும். பிளஸ், மைனஸ் இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பேச்சைப் போட்டுக் கேளுங்கள். ஒன்றின் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் குரல் கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரியான இணைப்பு.

பெயரை அழிப்பதா?

குழாய்களின் வெளிப்புறத்தில் சிவப்புப் பெயிண்டில் கடையின் பெயரும், கீழே மூன்றே இலக்கம் கொண்ட தொலைபேசி எண்ணும் கையால் எழுதப்பட்டிருந்தன. பட்டறைக்காரர், எல்லாவற்றையும் உரித்து அடித்தால்தான் பூச்சு சமமாக வரும், விற்கும்போதும் நல்ல விலை வரும் என்றார். தொழில் முறையில் அவர் சொன்னது சரியே.

ஆனால் ஒரு கடைக்குப் பெயரைவிடப் பெரிய சொத்து எது? கட்டிடம் வாடகைக்கு வரும், சரக்குக் கடனுக்கு வரும். பெயர் மட்டும் நாற்பது வருடம் நேரத்துக்குப் போய் நின்றால்தான் வரும். மழை பெய்தாலும் முகூர்த்தத்துக்கு முன்னால் குழாய் கட்டியிருப்பார் என்ற நம்பிக்கையை ஊர் அந்தப் பெயரின் மேல்தான் வைத்திருந்தது. எனவே எழுத்து இருந்த பகுதியை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்து, மற்ற இடமெல்லாம் உரித்துப் பூசச் சொன்னேன். எழுத்தின் மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட். ஓரம் சற்றே தெரிகிறது. விற்பனைக்கு என்றால் ஆயிரம் ரூபாய் குறையலாம். நான் விற்கப் போவதில்லை.

கணக்கு

ஜோடி வாங்கிய விலை ரூ.5,000
டயாபிரம் இரண்டு ரூ.700
ஒடுக்கு எடுத்த கூலி ரூ.600
பெயிண்ட் ரிமூவர், பிரைமர், எனாமல், பட்டறைக் கூலி ரூ.1,800
கெப்பாசிட்டர், வாஷர், ஒயர் ரூ.250
இரும்புத் தாங்கி ரூ.450
ஆக மொத்தம் ரூ.8,800

இவ்வளவு செலவழித்து என்ன வரும்படி என்று கேட்டால், ரூபாயில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கணக்கு முடித்ததும் கிட்டங்கியில் அரை மணி நேரம் பழைய பாட்டு, மெதுவான சத்தத்தில். சுமை தூக்கும் தோழர்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். 2 வாட் கூடத் தேவைப்படுவதில்லை.

கடைக்கு வெளியே வைக்க நினைப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு விளம்பரத்துக்காகக் கடை வாசலில் குழாய் கட்ட யாராவது நினைத்தால், சட்டத்தைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய மண்டபங்கள் போன்ற இடங்கள் தவிர, தடை. திருவிழா போன்றவற்றுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். கடைவீதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55. குடியிருப்புப் பகுதியில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவுகளைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 2005ல் உச்ச நீதிமன்றமும் இவ்விஷயத்தில் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. திருவிழா அனுமதிக் கடிதங்களில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று பல ஊர்களில் தனியாகவே நிபந்தனை எழுதுகிறார்கள்.

அந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. நல்ல குழாய் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் தரக்கூடியது. அதற்கு 50 வாட் கொடுத்து, எதிர் வீட்டு மாடியைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், படுத்திருக்கும் பெரியவரும் என்ன செய்வார்கள்? குழாய்க்குக் கெட்ட பெயர் வந்தது திருகு குமிழைக் கடைசி வரை திருப்பியதால்தான். சத்தத்தைக் குறைத்து வைத்தால் அதைப்போல் குரலைத் தெளிவாகத் தரும் கருவி குறைவு.

வணிக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் மைக் செட் கடையோ, ரேடியோ ரிப்பேர் கடையோ, பழைய அச்சகமோ இருக்கலாம். அந்த வீட்டார் சாமான்களை எடைக்குப் போடும்முன் தொழில் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நமக்கு ஒரு செலவும் இல்லை. நம்மைப் போலவே காலை கடை திறந்து இரவு அடைத்த ஒருவருடைய சரக்குக்கு உரிய விலை கிடைத்த திருப்தி மிஞ்சும்.